கோயில் தெருவில் சொன்ன வெள்ளச் செய்தி

மலாயா சுதந்திரம் அடைந்த மெர்டேகாவுக்குப் பிறகு வந்த முதல் பொங்கல் அது. பொங்கலுக்கு முதல் நாள் மலாக்கா பட்டணத்தில், காஜா பெராங் பக்கம் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன். நான் மலாக்காவுக்கு மாற்றலாகி வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. ஆறு, வாய்க்கால், மதகு எல்லாவற்றையும் கவனிக்கும் அரசாங்க அலுவலகத்தில் இன்ஜினியர் உத்தியோகம். பிறந்து வளர்ந்தது பேராக்கில். அப்பா தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி. மதராஸில் படித்துவிட்டுத் திரும்பி வந்து, முதல் வேலையாக இங்கே வந்து சேர்ந்தேன்.

வெள்ளம் வரும் என்று முன்கூட்டியே சொல்வது அப்போது பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. ஆற்றின் மேல்பகுதியில், அலோர் காஜா பக்கம், ஒரு பாலத்துத் தூணில் அடிக்கணக்கு எழுதிய பலகை அறைந்திருக்கும். தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று ஓர் ஆள் பார்த்து, பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து எங்களுக்கு டெலிபோன் செய்வார். மேலே இவ்வளவு ஏறினால் பட்டணத்தில் எத்தனை மணி நேரம் கழித்து எவ்வளவு ஏறும் என்று, பழைய வெள்ளங்களை வைத்துப் போட்ட ஒரு வரைபடம் எங்களிடம் இருந்தது. அதோடு கடலையும் பார்க்க வேண்டும். மலாக்கா ஆறு பட்டணத்தின் நடுவே ஓடிக் கடலில் விழுகிறது. கடல் ஏறி நிற்கும் நேரத்தில் மேலிருந்து வெள்ளமும் வந்து சேர்ந்தால், தண்ணீர் போக வழியில்லாமல் தாழ்ந்த இடங்களுக்குள் புகுந்துவிடும். இரண்டும் வேறு வேறு நேரத்தில் வந்தால் ஊர் தப்பிக்கும்.

அந்த வாரம் முழுக்க மழை. பொங்கலுக்கு முதல் நாள் காலையில் வந்த டெலிபோன் செய்தி, வரைபடத்தின் மேல் மூலையில் போய் உட்கார்ந்தது. துறைமுகத்துக் கடலேற்ற அட்டவணையையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். வெள்ளமும் கடலேற்றமும் அன்று சாயந்தரம் ஒரே நேரத்தில் சந்திக்கப் போகின்றன.

எங்கள் தலைமை அதிகாரி ஒரு வெள்ளைக்காரத் துரை. இன்னும் சில மாதத்தில் ஊருக்குப் போகப்போகிறவர். நாற்காலியை நம் ஆட்களிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அதனால் அந்த வருஷ மழைக்குக் கணக்கு போடும் பொறுப்பை என்னிடம் விட்டிருந்தார். என் தாளை வாங்கி, இரண்டு முறை பார்த்து, சரி என்று தலையாட்டினார். உடனே யார் எங்கே போய்ச் சொல்வது என்று பிரித்தார். மலாய்க்காரர்களின் கிராமங்களான கம்போங்குகளுக்கும் கடைத்தெருவுக்கும் போலீஸ் ஒலிபெருக்கி வண்டியை அனுப்பும். காஜா பெராங்கில் கோயில்களைச் சுற்றி இருக்கும் செட்டிகள் குடியிருப்பு மட்டும் என் தலையில். அவர்கள் உன் ஆட்கள்தானே, நீயே போய்ச் சொல்லிவிடு என்றார் துரை.

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. செட்டி என்றதும் வட்டிக்கடை வைத்திருக்கும் செட்டிநாட்டுக்காரர்கள்தான் என் மனதில் வந்தார்கள். அவர்களிடம் தமிழில் பேச எனக்கென்ன தயக்கம்? அந்தக் காலத்தில் மலாயாவில் ஊருக்கு ஊர் தமிழ் இளைஞர் மன்றங்கள் இருந்தன. நானும் ஒரு மன்றத்தில் இருந்தேன். மேடையேறினால் இறங்க மனம் வராது. ஓர் ஆங்கிலச் சொல் கலக்காமல் அரை மணி நேரம் பேசுவேன். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் போனேன். தெருமுனையில் ஒரு கோயில். வீட்டு வாசல்களில் மாவிலைத் தோரணம். உள்ளே சமையல் மணம். கோயில் முகப்பில் நின்று, வாசல்களில் இருந்தவர்களைக் கைகாட்டிக் கூப்பிட்டேன். நெற்றியில் திருநீறோடு ஆண்கள் வந்தார்கள். பெண்கள் இடுப்பில் சாரோங்கும் மேலே கெபாயாச் சட்டையும் உடுத்தி, கொண்டையில் ஊசி குத்தியிருந்தார்கள். மலாக்காச் சீனர் வீட்டு நோன்யாப் பெண்கள் மாதிரி உடுத்தியிருக்கிறார்களே என்று ஒரு கணம் தோன்றியது. பட்டணத்து நாகரிகம் என்று நினைத்து விட்டுவிட்டேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

பெரியோர்களே, தாய்மார்களே என்று ஆரம்பித்தேன். ஆறு எப்படிப் பெருகுகிறது, கடல் எப்படி எதிர்த்து நிற்கிறது, இன்று மாலை இந்தத் தெருவுக்கு என்ன ஆகும் எல்லாம் சொன்னேன். குழந்தைகளையும் நோயாளிகளையும் நண்பகலுக்குள் மேட்டிலிருக்கும் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள், உடைமைகளை உயரத்தில் ஏற்றுங்கள், அரசாங்கம் உங்களோடு இருக்கிறது என்று முடித்தேன். நன்றாகவே பேசினேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

எல்லாரும் அசையாமல் கேட்டார்கள். சிலர் கைகூப்பியபடியே நின்றார்கள். விளங்கியதா என்று கேட்டதற்குத் தலையாட்டி, வணக்கம் வணக்கம் என்றார்கள். வயதான ஒருவர் பித்தளைத் தட்டில் திருநீறு கொண்டுவந்து என் நெற்றியில் பூசினார். வாழைப்பழமும் வெற்றிலையும் கொடுத்தார்கள். நன்றி காட்டுகிறார்கள் என்று வாங்கிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் போலீஸ் வண்டி எதிரே வந்தது. இந்தத் தெருவுக்குச் சொல்லியாகிவிட்டது, நீங்கள் அடுத்த இடத்துக்குப் போகலாம் என்றேன். வண்டி மூலையிலேயே திரும்பிப் போயிற்று. துரையிடமும் அப்படியே சொன்னேன்.

நடுப்பகலில் காஜா பெராங் வாய்க்கால் ஆற்றில் சேரும் இடத்துக்கு மதகு பார்க்கப் போனேன். மதகுக் கதவு மூடித்தான் இருந்தது. ஆனால் ஆற்றுப் பக்கம் தண்ணீர் நான் நினைத்ததைவிடச் சீக்கிரமாக ஏறிக்கொண்டிருந்தது. மழையும் விடவில்லை. உள்ளே தேங்கும் மழைத் தண்ணீர் வெளியே போக முடியாது, வெளித் தண்ணீரோ கதவுக்கு மேலாக வழிந்துவிடும் போலிருந்தது. என் கணக்கில் சாயந்தரம் என்று இருந்தது இன்னும் முன்னாலேயே வந்துவிடலாம். தெரு காலியாகிவிட்டதா என்று பார்க்கச் சைக்கிளை அந்தப் பக்கம் திருப்பினேன்.

தெரு காலியாகவில்லை. காலையில் இருந்ததைவிடக் கூட்டம் அதிகம். உறவுக்காரர்கள் குடை பிடித்துக்கொண்டு பாத்திரங்களோடு வந்துகொண்டிருந்தார்கள். குழந்தைகள் வாய்க்கால் ஓரத்தில் தேங்காய் மட்டையை மிதக்கவிட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டிலும் ஒரு பெட்டிகூட நகரவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. முதல் வீட்டு வாசலில் ஏறி நின்று, காலையில் தெளிவாகச் சொல்லியும் இப்படி அலட்சியமாக இருக்கிறீர்களே, குழந்தைகளை வைத்துக்கொண்டு என்ன தைரியம் என்று தமிழில் பொரிந்து தள்ளினேன். உள்ளேயிருந்து ஓர் அம்மா வெளியே வந்தார். ஐம்பது வயதுக்குப் பக்கம் இருக்கும். கையில் கரண்டி. நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாக நின்றார். பிறகு மலாயில், என்னைத் துவான், அதாவது ஐயா, என்று ரொம்ப மரியாதையாக அழைத்துக் கேட்டார்.

"துவான் ஏதோ கோபமாக இருக்கிறீர்கள். என்ன வேண்டும் என்று மலாயில் சொன்னால் எங்களுக்குப் புரியும்."

உங்களுக்குத் தமிழ் தெரியாதா என்று மலாயில் கேட்டேன். தெரியாது என்றார். அப்பா, அம்மா, தம்பி, சாமி என்று சில வார்த்தைகள் உண்டு, அவ்வளவுதான், பல நூறு வருஷம் முன்னால் வியாபாரத்துக்கு வந்த தமிழர்கள் இந்த ஊர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு உண்டான வம்சம் நாங்கள், தலைமுறை தலைமுறையாக வீட்டில் மலாய்தான் என்றார். அவர் பேசிய மலாய் கம்போங் மலாய் மாதிரியும் இல்லை. ஆனால் எனக்கு நன்றாகவே விளங்கியது. என் மலாய் பாசாரில் பேரம் பேசும் மலாய். அவரோடு பேச அது போதும்.

ஆயர் நாயெக் என்றேன். தண்ணீர் ஏறுகிறது. காலையில் கோயில் முன்னால் நீளமாகப் பேசியதெல்லாம் மலாயில் நாலே வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

அந்த அம்மா பதறவில்லை. வருஷா வருஷம் கணுக்கால் தண்ணீர் வரும், அது மாதிரியா என்றார். இல்லை என்றேன். எதுவரை வரும் என்றார். பாலத்துப் பலகையில் இத்தனை அடி என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த அடிக்கணக்கு இவருக்கு எதற்கு? இந்தத் தெருவின் மட்டம் எங்கள் அலுவலகத்து நிலப்படத்தில் இருந்தது. மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். வாசற்படியில் இறங்கி நின்று, கதவு நிலையில் என் இடுப்புக்குச் சற்று மேலே கையை வைத்துக் காட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார். பிறகு திரும்பி, உள்ளே பார்த்தார்.

உள்ளே அவர் மகள் இருந்தாள். குழந்தை பெற்றுச் சில நாட்கள்தான். அவள் வெளியே வரக் கூடாது, குளிர் படக் கூடாது என்று வீட்டுக்குள் ஓர் அறையில் வைத்திருந்தார்கள். அது போதாதென்று அன்றைய சடங்கு வேறு. பொங்கலுக்கு முதல் நாள் அவர்கள் இறந்துபோன தம் முன்னோர்களுக்குப் படையல் வைப்பார்கள். நடுக்கூடத்தில் வரிசையாக வாழையிலை விரித்து, தேங்காய்ப்பால் சோறு, மீன், குழம்பு, பலகாரம் எல்லாம் பரிமாறி, கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். முன்னோர்கள் வந்து சாப்பிட்டுப் போகும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது. நான் போன நேரத்தில் அப்போதுதான் பரிமாறி முடித்து வெளியே வந்திருந்தார்கள். பெட்டி, அரிசி மூட்டை, துணிமணி எல்லாம் அந்தக் கூடத்துக்கு உள்ளே. மகள் இருந்த அறைக்கும் அந்தக் கூடத்தின் வழியாகத்தான் போக வேண்டும்.

அந்த அம்மாவின் மைத்துனர் சம்மதிக்கவில்லை. காலையில் எனக்குத் திருநீறு பூசியவர் அவர்தான். படையலுக்கு நடுவில் நுழைந்தால் வந்தவர்களைக் கையைப் பிடித்து எழுப்பி விடுவது மாதிரி, கொஞ்ச நேரம் பொறுங்கள் என்றார். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். அதை நாம் எப்படிச் சொல்ல முடியும் என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. வாய்க்கால் தண்ணீர் அதற்குள் பாதைக்கு ஏறிவிட்டிருந்தது. நான் அதைக் காட்டினேன். அவரும் பார்த்தார். ஆனாலும் அசையவில்லை.

அந்த அம்மா கரண்டியை வாசலில் வைத்தார். காலைக் கழுவிக்கொண்டு தனியாகக் கூடத்துக்குள் போனார். இலைகளுக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற மாதிரியே, சாதாரணக் குரலில், மலாயில் சொன்னார்.

"பெரியவங்களே, மன்னிச்சுக்குங்க. இந்த வருஷம் கொஞ்சம் சீக்கிரமா சாப்பிடுங்க. தண்ணி ஏறுது. வீட்டுல பிள்ளை பெத்தவ இருக்கா."

பிறகு தலையைக் குனிந்து, அவர்கள் சாப்பிடக் கொஞ்ச நேரம் விட்டார். நாங்கள் வாசலில் நின்றோம். அவர் எழுந்து, முதல் இலையை உணவோடு மடித்து ஒரு கூடையில் வைத்தார். அதைப் பார்த்ததும் மைத்துனரும் உள்ளே போய் அடுத்த இலையை எடுத்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மூலையிலிருந்த சீனர் மளிகைக் கடையில் டெலிபோன் இருந்தது. அங்கே ஓடி, அலுவலகத்து லோரியை அனுப்பச் சொன்னேன். திரும்பி வந்தபோது அந்த அம்மா குடையோடு எனக்காகக் காத்திருந்தார். வீடு வீடாகப் போனோம். அவர் வாசலில் நின்று பேசுவார். உள்ளே இருப்பவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் கதவு நிலையில் கையை வைத்துக் காட்டுவேன். உடனே எழுந்துவிடுவார்கள். எல்லா வீட்டிலும் படையல் ஒரே கட்டத்தில் இல்லை. சில வீட்டில் முடிந்திருந்தது, சில வீட்டில் அடுப்பிலேயே இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் அந்த அம்மா போய் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

மகளை நாற்காலியில் உட்காரவைத்து, நாலு பேர் தூக்கிக்கொண்டு, மேலே தார்ப்பாய் பிடித்து லோரிக்குக் கொண்டுபோனார்கள். குழந்தையை அந்த அம்மா கெபாயாவுக்குள் அணைத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறினார். லோரி திரும்பவும் திரும்பவும் போய் வந்தது. கடைசி முறை போகும்போது சக்கரம் பாதி முங்கியிருந்தது. அதற்குக் கொஞ்ச நேரத்தில் மதகுக்கு மேலாக ஆறு உள்ளே வந்துவிட்டது. இருட்டுவதற்கு முன்னால் நான் கை காட்டிய இடத்துக்கு ஒரு சாண் கீழே வந்து தண்ணீர் நின்றது.

உயிர்ச் சேதம் ஒன்றும் இல்லை. பொருள் சேதம் உண்டு. அரிசி மூட்டைகள், மெத்தைகள், கோழிகள் போயின. அந்த அம்மாவின் தையல் மெஷின் போயிற்று. விதவையான அவர் அதில் கெபாயா தைத்துத்தான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். காலையிலேயே விஷயம் புரிந்திருந்தால் அதை லோரியில் ஏற்ற நேரம் இருந்திருக்கும். அதை அவர் ஒருமுறைகூட என்னிடம் சொல்லவில்லை. வீடு கழுவும்போது நானே பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். எங்கள் பட்டறை மெக்கானிக்கிடம் கொடுத்துப் பிரித்துச் சுத்தம் செய்து கொடுத்தேன். ஓடியது. முன்பு மாதிரி ஓடவில்லை.

பொங்கல் அன்று தண்ணீர் இறங்கத் தொடங்கியது. ஆனால் வீடுகளுக்குத் திரும்ப முடியாது. பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் அடுப்பு மூட்டிப் பொங்கல் வைத்தார்கள். ஆற்று மட்டம் பார்த்துவிட்டு நான் அங்கே போனேன். அந்த அம்மா ஒரு வகுப்பறையில் பெஞ்சில் உட்கார்ந்து பேரக்குழந்தையை மடியில் போட்டிருந்தார். உட்காரச் சொல்லி, சாப்பிடக் கொடுத்தார். முதல் நாள் துவான் என்று கூப்பிட்டவர், அன்று தம்பி என்றார்.

எனக்கு ஒரு கேள்வி மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. நேற்றுக் காலையில் நான் அவ்வளவு நேரம் பேசினேனே, ஒரு வார்த்தையும் புரியவில்லை என்று யாராவது சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் குழந்தையைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

"எங்களுக்கு அது தெரியாத மொழி, தம்பி. ஆனா எங்க முன்னோருக்குத் தெரியும். அவங்களைக் கூப்பிடுற நாள்ல வந்து, கோயில் முன்னால நின்னு, அவ்வளவு அழகா பேசினீங்க. அவங்ககிட்டதான் பேசுறீங்கன்னு நினைச்சோம். நடுவுல புகுந்து என்னன்னு கேக்கக் கூடாதுல்ல?"

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். அப்புறம் குழந்தை அழுதது, அவர் எழுந்து போய்விட்டார். நான் இலையில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தேன்.

அடுத்த வாரம் துரை மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். வெள்ளம் எவ்வளவு உயரும் என்ற கணிப்பு ஏறக்குறையச் சரியாக இருந்தது, காஜா பெராங் பகுதி மக்களுக்குக் காலையிலேயே எச்சரிக்கை தரப்பட்டது என்று அதில் இருந்தது. எனக்குப் பாராட்டு. அதில் பொய் ஒன்றும் இல்லை. காலையிலேயே எச்சரிக்கை தரப்பட்டதுதான். யாருக்குத் தரப்பட்டது என்பது மட்டும் அறிக்கையில் இல்லை. நான் துரையிடம் போய் முழுவதையும் சொன்னேன். அவர் புகைக்குழாயைப் பற்றவைத்துக்கொண்டு கேட்டார். நானும்தான் அவர்களை உன் ஆட்கள் என்று சொன்னேன் என்றார். அறிக்கையில் ஒரு வரி சேர்த்து எழுதினார். மேலே யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

ஊருக்குக் கிளம்பும் முன் அவர் எனக்கு ஒரு காரியம் செய்ய அனுமதி கொடுத்தார். காஜா பெராங் தெருமுனைத் தூணில் ஒரு பலகை அறைந்தோம். பாலத்தில் இருந்த மாதிரி அடிக்கணக்கு அதில் இல்லை. வாசற்படி, முழங்கால், இடுப்பு என்று மூன்று கோடு. காலையில் நாங்கள் கணக்கு போட்டதும், எந்தக் கோடு என்று மட்டும் சீனர் கடைக்கு டெலிபோன் செய்வோம். கடைக்காரர் அந்த அம்மா வீட்டுக்கு ஆள் அனுப்புவார். நான் மலாக்காவில் இருந்தவரை அந்த ஏற்பாடு நடந்தது.

பிறகு வேலை என்னைப் பல ஊர்களுக்குக் கொண்டுபோயிற்று. பஹாங், கிளந்தான் என்று பெரிய ஆறுகளின் பக்கத்திலேயே உத்தியோகக் காலம் கழிந்தது. வரைபடத்தின் இடத்தில் மெஷின்கள் வந்தன. பாலத்துத் தூணைப் போய்ப் பார்க்காமலேயே தண்ணீரின் உயரம் தெரியும்படி ஆயிற்று. கணக்குகள் மேலும் மேலும் துல்லியமாயின. எந்த ஊரில் எச்சரிக்கை சொல்லப் போனாலும், எனக்குக் கீழே வேலை பார்த்த இளைஞர்கள் சொல்லி முடித்ததும் ஜீப்பில் ஏறிவிடுவார்கள். நான் ஏற மாட்டேன். எதற்கு நிற்கிறீர்கள் என்று கேட்பார்கள். கூட்டத்தில் யாராவது ஒருவரைக் கூப்பிட்டு, இப்போது நாங்கள் என்ன சொன்னோம், உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள் பார்ப்போம் என்று கேட்பேன்.

தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போடத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்; ஆனால் அந்தப் பொங்கலிலிருந்து, கேட்டவர் எழுந்து பாயைச் சுருட்டுவதைக் கண்ணால் பார்க்கும்வரை என் வேலை முடிந்ததாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.